மூன்று வயதுப் பிள்ளையின் குடுவை

பண்டைய ஏதென்ஸ் நகரில் மூன்று நாள் நடந்த அந்தெஸ்தேரியா என்னும் புதுமதுத் திருவிழாவின் இரண்டாம் நாளன்று, ஏறத்தாழ மூன்று வயதை எட்டிய பிள்ளைகளுக்குப் பூமுடி சூட்டுவது வழக்கமாயிருந்தது. அந்நாளுக்குரிய மதுக்குடுவையின் சிறு வடிவங்களில், மார்பின் குறுக்கே தாயத்துச் சரடு அணிந்து தவழும் குழந்தையும் விளையாட்டு வண்டியும் செவ்வுருவங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. அவற்றுள் சில குழந்தைகளின் கல்லறைகளில் கிடைத்திருப்பது, அச்சிறப்பை இறந்த பிள்ளைக்கும் மறுக்கப் பெற்றோருக்கு மனம் வரவில்லை என்றே எண்ணத் தூண்டுகிறது. பெரியவர்கள் அன்று தனித்தனிக் குடுவையில் பேசாது அருந்தியதற்கு, தாயைக் கொன்ற தீட்டுடன் வந்த ஒரெஸ்தெஸுக்கு ஏதென்ஸ் நகரத்தார் அளித்த விருந்தையே யூரிப்பிடிஸின் நாடகமொன்று காரணமாகக் காட்டுகிறது. தாய்மாரும் செவிலியரும் சொன்ன இதுபோன்ற தொல்கதைகளைக் கேட்டே பிள்ளைகள் வளர்ந்தனர். அவை இளநெஞ்சில் ஆழப் பதியும் என்பதாலேயே, எதைச் சொல்வது என்று தேர்ந்து சொல்ல வேண்டுமெனப் பிளேட்டோ ‘குடியரசு’ நூலில் வாதிட்டார்.