புதைத்து வைத்த ராகி

குழியைத் திறந்த கையோடு யாரும் உள்ளே இறங்கிவிட மாட்டார்கள். மூடுகல்லைப் புரட்டித் தள்ளிவிட்டு, வாயைத் திறந்தபடி நெடுநேரம் விட்டுவைப்பார்கள். பிறகு கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி மெல்ல உள்ளே விடுவார்கள். சுடர் நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். பொசுக்கென்று அணைந்துபோனால் இன்னும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இறங்கி மயங்கி விழுந்தவர், அவரைத் தூக்கப் போய்த் தானும் விழுந்தவர் என்று இந்தக் குழிகளைச் சுற்றிக் கதைகள் உண்டு.

பழைய மைசூர்ச் சீமையில் இந்தக் குழிக்கு ‘ஹகேவு’ என்று பெயர். உள்ளே இருந்தது பெரும்பாலும் ராகி. நம் பேச்சில் கேழ்வரகு, கேப்பை.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஆசனூரைக் கடந்து கர்நாடகத்துக்குள் போனால் முதலில் வரும் பெரிய ஊர் சாமராஜநகர். அரிகுட்டாரா என்பது அதன் பழைய பெயர். மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், தன் தந்தை சாமராஜ உடையார் பிறந்த ஊர் என்பதால் 1818இல் பெயரை மாற்றினார். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா. இப்போது தனி மாவட்டம். அதற்குள் இருக்கும் கொள்ளேகால் 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மேட்டு நிலம் இது. இரண்டு பருவமழையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகும். எதையும் நம்பி உட்கார முடியாது. இப்படிப்பட்ட ஊரில் ‘நாளைக்கு’ என்ற சொல்லுக்குப் பொருள் அடுத்த நாள் அல்ல, மழை பொய்க்கப்போகும் ஏதோ ஒரு வருஷம்.

தமிழ்நாட்டு வீடுகளுக்குக் குதிரும் குலுக்கையும் பத்தாயமும் தெரியும். அவையெல்லாம் தரைக்கு மேலே, வருகிறவன் கண்ணில் படும்படி நிற்பவை. நிறைந்த குதிர் வீட்டுக்கு ஒரு கௌரவம். பெண் கேட்டு வருகிறவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள். கன்னட வீடுகளிலும் அன்றாடப் புழக்கத்துக்கு மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் பூசிய ‘கணஜ’ இருந்தது. ஹகேவு வேறு மாதிரி. தண்ணீர் தேங்காத மேடாகப் பார்த்து, கெட்டியான மண்ணில், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாய் வைத்து, உள்ளே போகப் போகப் பானைபோல் அகலமாகக் குடைவார்கள். உள்ளே தீ மூட்டி ஈரத்தைப் போக்கி, அடியிலும் பக்கத்திலும் காய்ந்த தாளைப் பரப்பி, நன்றாகக் காய்ந்த ராகியைக் கொட்டி, மேலே மீண்டும் தாள், அதற்கு மேல் கல், அதற்கு மேல் மண். பூசி மெழுகிவிட்டால் அடியில் சோறு இருப்பது தெரியாது. வீட்டு முற்றத்திலும் இருக்கும், ஊர்த் தெருவிலேயும் இருக்கும். மாட்டுவண்டி அதன்மேல் போய்வரும்.

இதன் சூட்சுமம் மூச்சில் இருக்கிறது. அடைத்த குழிக்குள் தானியமும் மூச்சு விடும், அதோடு போன பூச்சியும் மூச்சு விடும். கொஞ்ச நாளில் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து கரியமில வாயு நிறைந்துவிடும். பூச்சி செத்துவிடும், தானியம் தூங்கும். இன்று காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைகளை வைத்து ஆராய்ச்சி நிலையங்கள் விவசாயிகளுக்குச் சொல்லித்தருவது இதே வித்தைதான். விளக்கு இறக்கிப் பார்த்ததும் இதனால்தான்.

ஆனால் எந்தத் தானியத்தைப் போட்டாலும் இப்படித் தூங்கிவிடாது. ராகி மணி கடுகைப் போலச் சின்னது, கெட்டியானது. ஒரு வண்டு உள்ளே முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்க இடம் போதாது. எண்ணெய்ச் சத்தும் குறைவு, எனவே எளிதில் சிக்கு அடிக்காது. நாற்பது வருஷம், ஐம்பது வருஷம் கெடாமல் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும், மிச்சம் ஒரு தலைமுறைக்குக் காணும். அதோடு 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. பஞ்ச காலத்தில் வேறு எதுவும் கிடைக்காமல் ஒரு உருண்டை களியையும் கொஞ்சம் கீரைச் சாற்றையும் வைத்து நாள் கடத்தும் உடம்புக்கு அது சாதாரண விஷயமில்லை.

ராகியின் இந்தக் குணத்தை வைத்துத்தான் கனகதாசர் ஒரு காவியமே எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அதன் பெயர் ‘ராமதான்ய சரிதை’. தானியங்களில் யார் உயர்ந்தவர் என்று நெல்லும் ராகியும் ராமன் முன்னால் வழக்காடுகின்றன. ராமன் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரையும் ஆறு மாதம் சிறையில் போடச் சொல்கிறான். வெளியே வரும்போது நெல் வாடிக் கெட்டுப்போயிருக்கிறது, ராகி போட்டபடியே இருக்கிறது. ராகவன் பெயரின் நிழலில் ராகி என்ற பெயரும் வாய்க்கிறது. மேல் சாதிக்கும் கீழ்ச் சாதிக்கும் நடக்கும் வழக்கு என்று இதைப் பலரும் படித்திருக்கிறார்கள், சரியாகவே. ஆனால் அந்தச் சிறை எது என்று ஹகேவு இருந்த ஊர்க்காரனிடம் கேட்டால், தன் வாசலைத்தான் காட்டுவான்.

ஏன் புதைக்க வேண்டும்? பூச்சிக்கும் எலிக்கும் பயந்து என்பது பாதி பதில். மீதி, மனிதர்களுக்குப் பயந்து.

மைசூரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார் (1673–1704) தினமும் இரண்டு பை காசு கஜானாவில் சேராமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார் என்று ஒரு கதை உண்டு. ‘நவகோடி நாராயணன்’ என்ற பட்டம் அப்படிச் சேர்த்த பணத்தால் வந்தது. அந்தப் பைகள் எங்கிருந்து வந்தன என்பது குண்டுலுப்பேட்டை, ஏளந்தூர்ப் பக்கத்து விவசாயிக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். வரிக்கு அடுத்தது படை. பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதி முழுக்க மராத்தியக் குதிரைப்படையும் ஹைதர், திப்பு படைகளும் ஆங்கிலக் கும்பினிப் படையும் இந்தச் சீமையை மாறி மாறி மிதித்தன. பட்டினி ஒரு ஆயுதமாகவே பயன்பட்டது. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை வந்த கும்பினித் தளபதி கார்ன்வாலிஸ், தீனியில்லாமல் மாடுகள் சாக, இழுக்க நாதியற்ற பெரிய பீரங்கிகளைத் தானே நாசம் செய்துவிட்டுத் திரும்பிப்போனார். பொதி மாடுகளில் தானியம் சுமந்துவந்த லம்பாடிகளை நம்பித்தான் படைகளே பிழைத்தன. அப்படிப் பசித்த படை ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் முதலில் கைவைப்பது கண்ணில் படும் களஞ்சியத்தில். கண்ணில் படாத களஞ்சியம் தப்பும்.

திப்பு வீழ்ந்த அடுத்த ஆண்டு, 1800இல், கும்பினிக்காக இந்த நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுத வந்தவர் பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர். மானாவாரிப் பயிர்களில் மிக முக்கியமானது ராகி, ஏழை எளியவர்களின் அன்றாடச் சாப்பாடு அதுதான் என்று குறித்துக்கொண்டார்.

இவ்வளவு ஏற்பாடும் இருந்த சீமையில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கன்னடத்தில் அதற்கு ‘தாது ஈஸ்வர’ என்று இரண்டு வருஷத்தின் பெயர், ஏனென்றால் அது ஒரு வருஷத்தோடு நிற்கவில்லை. 1875இலேயே மழை குறைவு. குழிகள் அப்போதே திறக்கத் தொடங்கின. 1876இல் மழை அடியோடு பொய்த்தது. 1877இன் நடுவிலும் வானம் இரங்கவில்லை. ஹகேவு ஒரு கெட்ட வருஷத்துக்கான கணக்கு. தொடர்ந்து இரண்டு, மூன்று என்றால் அடித்தாள் தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு, பழைய சேமிப்பைப் புகழ்கிறவர்கள் அதை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். குழி வைத்திருந்தவர் நிலம் வைத்திருந்தவர். கூலிக்கு உழைத்த தலித் குடும்பத்துக்குக் குழி ஏது? அவர்களுக்கு ஹகேவு என்றால் கவுடர் வீட்டு வாசலில் கையேந்தி வாங்கி, அறுப்பு முடிந்ததும் கூடுதலாக அளந்து திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். மழை பொய்த்து விலை ஏறும்போது கவுடரும் யோசிப்பார். பிளிகிரிரங்கன் மலையின் சோளகர்களுக்குக் காடுதான் களஞ்சியம். கிழங்கும் தேனும் அங்கே புதைந்தும் தொங்கியும் கிடந்தன. சமவெளியில் நிலமற்றவனுக்கு அதுவும் இல்லை. வேலை நின்ற வாரமே அவன் அடுப்பு நின்றது. குழி முதலில் காப்பாற்றியது குழிக்காரனை.

அரசு செய்தது என்ன? மைசூர் அப்போது மகாராஜாவின் கையில் இல்லை; 1831 முதல் ஆங்கிலக் கமிஷனர்களின் ஆட்சி. கொள்ளேகாலோ சென்னை மாகாணம். ஒரே மழை மறைவு, ஒரே ராகி, இரண்டு கச்சேரி. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆளின் தினக்கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று குறைத்தார். மண் வெட்டும் உடம்பு இதில் நிற்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதிச் சண்டை போட்டார். துறைமுகத்தில் தானியம் வந்து இறங்கத்தான் செய்தது. ரயில் பெங்களூர்வரை கொண்டுவந்தது. அதற்கப்பால் மாட்டுவண்டி. மாடு செத்துப்போன பஞ்சத்தில் வண்டியை இழுப்பது யார்? வீட்டுக் கூரையைப் பிரித்து மாட்டுக்குப் போட்டவர்கள் அடுத்து மாட்டையும் இழந்தார்கள்.

1871 கணக்கெடுப்பில் மைசூர் சமஸ்தானத்தின் மக்கள்தொகை 50,55,412. 1881இல் 41,86,188. பத்தாண்டில் பிறந்து பெருகியிருக்க வேண்டியவர்களையும் சேர்த்தால் இழப்பு 10 லட்சத்தைத் தாண்டும், அதாவது ஐந்தில் ஒருவர். அந்த 1881இல்தான் ஆட்சி உடையார் குடும்பத்துக்குத் திரும்பியது, காலியான குழிகளோடு.

அதற்குப் பிறகு காப்பாற்றும் பொறுப்பு மெல்ல வீட்டைவிட்டு வெளியே போனது. 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை, 1883இல் பஞ்ச விதிகள். பெங்களூர்–மைசூர் ரயில் பாதைக்குப் பஞ்ச நிவாரண வேலையாகவே மண் வெட்டினார்கள். சாமராஜநகருக்கு ரயில் மிகவும் பிந்தித்தான் வந்தது. இன்றும் அங்கேயே முடிந்துபோகிறது, நம் பக்கம் இறங்குவதில்லை. கண்ணம்பாடி அணை வந்தது, பிறகு கபினி, சுவர்ணாவதி. தண்ணீர் போன இடமெல்லாம் ராகி விலகி நெல்லுக்கும் கரும்புக்கும் இடம் கொடுத்தது. நெல்லைக் குழியில் போட்டு யாரும் பேரனுக்கு வைப்பதில்லை.

இரண்டாம் உலகப் போர் இன்னொன்றைச் செய்தது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றது, அடுத்த வருஷம் வங்காளம் பட்டினியில் செத்தது. ரேஷன் வந்தது, விவசாயியிடம் லெவி என்ற கட்டாயக் கொள்முதல் வந்தது. அதுவரை முன்யோசனை என்று பெயர் வாங்கிய குழி, ஒரே நாளில் பதுக்கல் ஆனது. அதிகாரியின் கண்ணில் படாத தானியம் இப்போது குற்றம். 1955இன் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் வியாபாரியைக் குறிவைத்துத்தான் எழுதப்பட்டது, ஆனால் சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் நடுவே இருந்த கோடு கிராமத்தான் மனதிலும் மங்கியது.

ரேஷன் கடை செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. குழி வைத்திருக்க முடியாதவனின் பெயரில் முதன்முதலாக ஒரு பங்கு ஒதுக்கியது அதுதான். 2013இல் கர்நாடக அரசு ‘அன்னபாக்ய’ திட்டம் கொண்டுவந்தது. தென் மாவட்டங்களில் அரிசியோடு ராகியும் அளந்தார்கள். 2020 ஊரடங்கில் ஏப்ரல், மே இரண்டு மாத ரேஷனையும் ஒரே தவணையில் கொடுத்தார்கள். அந்தக் கோடையில் சாமராஜநகர் மாவட்டம் ஒரு அதிசயமாகப் பேசப்பட்டது. கர்நாடகம் முழுக்கத் தொற்று பரவியபோதும் ஜூன் மாதம்வரை அங்கே ஒருவருக்குக்கூடக் கொரோனா இல்லை. சுற்றிலும் கேரளம், தமிழ்நாடு, மைசூர். நடுவில் இது மட்டும் பச்சை மண்டலம்.

ஹகேவுகளில் பெரும்பாலானவை இப்போது கல்லும் குப்பையும் கொட்டி மூடப்பட்டுவிட்டன. ஊர்த் தெருக்களில் சிமெண்ட் பூசியாயிற்று. வீட்டில் ராகி இருக்கும், ஒரு மூட்டையோ இரண்டோ, அடுத்த அறுப்பு வரைக்கும். மீதிக்கு அரசு இருக்கிறது, லாரி இருக்கிறது, பக்கத்து மாவட்டம் இருக்கிறது என்பதுதான் இன்று எல்லோருடைய ஏற்பாடும். சாமராஜநகரும் இதில் விதிவிலக்கல்ல.

2021 மே 2ஆம் தேதி இரவு, கொரோனாவின் இரண்டாம் அலையில், சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் ஆக்சிஜன் கையிருப்பு தீர்ந்தது. சிலிண்டர்கள் மைசூரிலிருந்து வர வேண்டும். அந்த ஒரு நாளில் 24 நோயாளிகள் இறந்தார்கள். கேட்டது எப்போது, அனுப்பியது எத்தனை என்று இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. ஆக்சிஜன் தட்டுப்பாடுதான் சாவுகளுக்குக் காரணம் என்று அது சொன்னது. சாமராஜநகரிலிருந்து மைசூருக்குச் சுமார் 60 கிலோமீட்டர்.