ஒரு செக்கன் பிந்தினவன்

ஆறாம் ஆண்டில் சொல்வதெழுதல் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எழுத்துப் பிழைக்குப் பயந்து இல்லை. ரீச்சர் ஒரு சொல்லைச் சொல்லி அடுத்த சொல்லுக்குப் போகிறபோதுதான் முதல் சொல் என்ர காதுக்குள்ள வந்து இறங்கும். எல்லாரும் பேனையை வைத்த பிறகும் நான் குனிந்துகொண்டு எழுதுவேன். மூன்று தவணையும் தேர்ச்சி அறிக்கையில் ஒரே வசனம்: கவனம் போதாது. வீட்டில் அதற்கு வேற வைத்தியம் நடந்தது. "காதை என்ன வாடகைக்கு விட்டிட்டியோ?" என்று அம்மா கேட்பா.

அந்த வசனத்தை நான் கனகாலம் அப்படியே நம்பினேன். கவனம் என்பது நல்ல பழக்கம் மாதிரி ஒன்று, இருக்கிறவனிடம் இருக்கும், இல்லாதவன் சோம்பேறி. பிறகு, 1796இல் லண்டனுக்குப் பக்கத்தில் கிறீன்விச்சில் ஒரு உதவியாளருக்கு வேலை போன கதையை வாசித்தேன். அவருக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட என்ர தேர்ச்சி அறிக்கைதான்.

அவர் பெயர் டேவிட் கின்னபுறூக். இருபதுகளின் தொடக்கத்தில், 1794இல், கிறீன்விச் அரச வானாய்வு நிலையத்தில் சேர்ந்தவர். அவருக்கு மேலே அரச வானியலாளர் நெவில் மஸ்கலின். (இந்த மஸ்கலினின் தங்கச்சியைத்தான் றொபேட் கிளைவ் 1753இல் சென்னையில் வைத்துக் கல்யாணம் கட்டினார். மேலிடத்து ஆக்களின் உலகம் அப்பவும் சின்னதுதான்.) கின்னபுறூக்கின் முக்கியமான வேலை, ஒரு நட்சத்திரம் தொலைநோக்கிக்குள் கட்டியிருக்கும் மெல்லிய கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது.

கேட்கச் சுலபமாக இருக்கும். செய்யிற விதத்தைப் பாருங்கோ. முதலில் மணிக்கூட்டைப் பார்த்து செக்கனை மனதில் வைக்க வேண்டும். பிறகு கண்ணைத் தொலைநோக்கியில் பொருத்திக்கொண்டு, மணிக்கூட்டின் ரிக் ரிக் சத்தத்தைக் காதால் எண்ணிக்கொண்டே போக வேண்டும். நட்சத்திரம் கம்பியை நெருங்கும். கடப்பதற்கு முந்திய ரிக்கில் அது கம்பிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் நின்றது, பிந்திய ரிக்கில் அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதை மனதில் பிடித்து, இரண்டையும் ஒப்பிட்டு, கடந்த நேரத்தைச் செக்கனின் பத்திலொரு பங்கு வரை சொல்ல வேண்டும். கண்ணும் காதும் ஒரே கணத்தில் ஒத்துப்போக வேணும். அதுவும் இரவில், குளிரில், தனியாக.

இப்படி எடுத்த நேரங்களை வைத்துத்தான் நிலையத்து மணிக்கூடு சரிபார்க்கப்பட்டது. கப்பல்காரர் கடலில் தாங்கள் நிற்கும் இடத்தைக் கணிக்க உதவிய கடற்பஞ்சாங்கத்தை 1767இலிருந்து வெளியிட்டு வந்தவரும் மஸ்கலின்தான். நேரத்தில் 0.8 செக்கன் பிழைத்தால் நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 370 மீற்றர் பிழைக்கும். ஆகவே மஸ்கலின் பதறியதை அற்பத்தனம் என்று சொல்ல ஏலாது.

1795 ஓகஸ்ட் மாதமளவில் கின்னபுறூக் குறிக்கும் நேரங்கள் மஸ்கலின் குறிப்பதைவிட அரைச் செக்கன் பிந்தத் தொடங்கின. எச்சரித்தார்கள். அவர் திருந்தப் பார்த்திருப்பார், பாவம். 1796 ஜனவரியில் வித்தியாசம் 0.8 செக்கனாகக் கூடியது. வேலை போனது. உழைப்பாளி, மற்ற விதங்களில் உதவியான ஆள், மனமில்லாமல்தான் பிரிகிறேன் என்ற கருத்துப்பட மஸ்கலின் எழுதி வைத்தார். ஆனால், தன் பாட்டுக்கு ஏதோ ஒழுங்கில்லாத குழப்பமான முறைக்குள் போய்விட்டான் என்பதுதான் தீர்ப்பு.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. இரண்டு பேர் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்து இரண்டு நேரம் சொன்னால், ஒருவர் பிந்தினார் என்று எப்படித் தெரியும்? மற்றவர் முந்தியும் இருக்கலாம் அல்லவா? அந்தக் கேள்வியை கிறீன்விச்சில் ஒருவரும் கேட்கவில்லை. அரச வானியலாளரின் கண்ணும் காதும்தான் அளவுகோல். அளவுகோலை யார் அளக்கிறது?

அளந்தது வேறொரு நாட்டுக்காரர். மஸ்கலின் நேர்மையான மனுசன், நடந்ததைத் தன் அவதானிப்புகளோடு சேர்த்து அச்சிலும் போட்டிருந்தார். இருபது வருசம் கழித்து, பிறஷ்யாவின் கோனிக்ஸ்பேர்க் நகரத்தில் வானியலாளர் பிறீட்றிக் பெசல் அந்தச் சம்பவத்தைப் பற்றி வாசித்தார். பழக்கப்பட்ட ஒரு ஆள், எச்சரித்த பிறகும், இவ்வளவு பிழை விடுவானா என்ற சந்தேகம் அவருக்கு. 1820இல் வல்பெக் என்ற வானியலாளரோடு இருந்து ஒரே நட்சத்திரங்களைக் குறித்துப் பார்த்தார். வித்தியாசம் 1.041 செக்கன். பெசல் எப்போதும் முந்தி. 1823இல் ஆர்கலாண்டரோடு பார்த்தபோது 1.223 செக்கன். அதாவது ஐரோப்பாவின் மிகச் சிறந்த அவதானிகளில் ஒருவர், வேலை பறிபோன உதவியாளரைவிடக் கூடுதலாகத் தன் சகாக்களிடமிருந்து விலகி நின்றார். அவரை வேலையால் நிப்பாட்ட ஒருவரும் இல்லை. அதனால் அந்த வித்தியாசத்துக்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்தது: ஆளுக்குரிய சமன்பாடு. ஒவ்வொருவருக்கும் தன் விலகல் உண்டு, அதை அளந்து கணக்கில் கழித்துவிட்டால் சரி. உதவியாளர் செய்தபோது குழப்பமான முறை, பேராசிரியர் செய்தபோது சமன்பாடு.

கின்னபுறூக் இதை அறியவில்லை. 1802இல், முப்பது வயதளவில், அவர் செத்துப்போய்விட்டார்.

பெசல் 1846இல் இறந்து மூன்று வருசத்தில் அதே கோனிக்ஸ்பேர்க்குக்கு ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற இளம் பேராசிரியர் வந்தார். தவளைக் காலின் நரம்பில் மின்சாரத்தைக் கொடுத்து, தசை துடிக்க எடுக்கும் நேரத்தை அளந்தார். நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியரே நினைத்திருந்த காலம். 1850இல் விடை வந்தது: செக்கனுக்கு 30 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஏ9 வீதியில் ஒரு பஸ் கொஞ்சம் கண்மண் தெரியாமல் ஓடினால் வரும் வேகம். அவ்வளவுதான்! நாங்கள் உலகத்தை உடனுக்குடன் பார்க்கிறம் என்ற எண்ணம் அந்தத் தவளைக் காலோடு உடைந்தது. 1868இல் டொண்டர்ஸ் என்ற ஒல்லாந்துக்காரர் இன்னொரு படி போனார். இடக் காலா வலக் காலா என்று தெரியாமல் சின்ன மின்னதிர்ச்சி வாங்கிய ஆள், முன்கூட்டியே தெரிந்தவரைவிட ஏறத்தாழ ஒரு செக்கனின் பதினைந்திலொரு பங்கு பிந்தித்தான் கையை அசைத்தார். தெரிவு செய்வதற்கும் நேரம் எடுக்குது. மூளை வேலை செய்கிறது, வேலைக்கு நேரம் தேவை.

கின்னபுறூக்கின் சிக்கலுக்கு நேராகக் கைவைத்தவர் வில்ஹெல்ம் வுண்ட். 1879இல் லைப்சிக்கில் உளவியலுக்கு ஆய்வுகூடம் அமைத்தவர் என்று பாடப்புத்தகத்தில் வருபவர். அதற்கு முந்தி, 1861 அளவில், ஒரு ஊசல் மணிக்கூட்டில் மணியைப் பொருத்தி, மணி அடித்த கணத்தில் ஊசல் எங்கே நின்றது என்று பார்க்க முயன்றார். உண்மையில் நின்ற இடம் ஒன்று, கண்ணுக்குத் தெரிந்த இடம் வேறு. சத்தத்தையும் காட்சியையும் ஒரே நொடியில் பிடிக்க அவரால் ஏலவில்லை. ஒன்று முந்தும், மற்றது பிந்தும். எதில் கவனம் கூட நிற்கிறதோ அது முந்தும்.

இதைக் கிறீன்விச்சுக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கோ. காதை மணிக்கூட்டில் ஊன்றியவனுக்கு ரிக் சத்தம் முந்தி வரும், நட்சத்திரம் அப்போது இன்னும் கம்பிக்குப் பின்னால்தான் நிற்பதாகத் தெரியும். நேரம் பிந்தும். கண்ணை ஊன்றியவனுக்கு நேர்மாறு. கின்னபுறூக் கவனமில்லாதவராக இருந்திருக்கத் தேவையில்லை. எச்சரிக்கைக்குப் பிறகு பயத்தில் மணிக்கூட்டை இன்னும் கவனமாகக் கேட்டு, அதனாலேயே இன்னும் பிந்தியிருக்கலாம். நிரூபிக்க வழியில்லை. ஆனால் சொல்வதெழுதலில் பிந்தின எனக்கு இது நல்லா விளங்குது.

அடுத்த பெரிய திருப்பத்தை யுத்தம் கொண்டுவந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானங்களில் றேடார் திரையைப் பார்த்து நீர்மூழ்கிகளைத் தேடிய பெடியள், நேரம் போகப் போக, திரையில் தெளிவாக வரும் புள்ளிகளையே தவறவிட்டார்கள். கேம்பிறிட்ஜில் நோர்மன் மக்வேர்த் ஒரு வெறும் மணிக்கூட்டு முகத்தைச் செய்தார். முள் செக்கனுக்கு ஒரு படி நகரும், எப்போதாவது இரண்டு படி பாயும். பாய்ச்சலைக் கண்டால் அறிவிக்க வேண்டும். இரண்டு மணித்தியாலம், அது மட்டும்தான் வேலை. முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே தவறவிடுவது கூடத் தொடங்கியது. 1948இல் அது வெளியானது. இவர்கள் சோம்பேறிகள் இல்லை, தவறவிட்டால் ஆட்கள் சாவார்கள் என்று தெரிந்த படையினர். கவனம் என்பது ஒழுக்கம் சார்ந்தது என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பை நான் காணவில்லை.

1953இல் கொலின் செரி, ஒரு காதுக்கு ஒரு பேச்சும் மற்றக் காதுக்கு வேறொரு பேச்சும் கொடுத்து, ஒன்றை மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் ஆண் குரல் பெண் குரலாக மாறினால் ஆட்களுக்குத் தெரிந்தது. இங்கிலிஷ் ஜேர்மனாக மாறியது தெரியவில்லை. கல்யாண வீட்டு மண்டபத்தில் பக்கத்தில் இருக்கிறவரோடு கதைக்கிறபோது, பின்னால் ஆக்கள் கதைப்பது கேட்கும், என்ன கதை எண்டு கேட்டால் தெரியாது. ஆனால் யாரோ எங்கட பேரைச் சொன்னால் கழுத்து திரும்பும். 1959இல் நெவில் மொறே இதையும் சோதித்தார். பெயரைக்கூட மூன்றில் ஒருவர்தான் பிடித்தார். ஆக, அம்மா கூப்பிட்டும் கேட்கவில்லை என்று நான் சொன்ன நாட்கள் எல்லாமே பொய் இல்லை. (சில நாள் பொய்தான்.)

கொரில்லா வேசம் போட்ட ஆள் பந்து விளையாட்டுக்கு நடுவில் நடந்து போகும் 1999ஆம் ஆண்டு வீடியோவை உங்களில் கனபேர் பார்த்திருப்பீங்கள். பந்து எத்தனை தரம் கைமாறியது என்று எண்ணியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கொரில்லாவைக் காணவில்லை. அதைப் பகிடியாகப் பார்த்துவிட்டுக் கடக்கிறோம். 2013இல் 24 கதிரியக்க வைத்தியர்களுக்கு, கட்டி இருக்கா எண்டு பார்க்கச் சொல்லி, நெஞ்சு ஸ்கான் படங்களைக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு கொரில்லாப் படம் சொருகியிருந்தது, வழமையான கட்டியைப் போல 48 மடங்கு பெரிது. 20 பேர் காணவில்லை. கண் அந்த இடத்தின் மீது போன பிறகும் காணவில்லை. இது பகிடி இல்லை.

பகிடியே இல்லாத இடம் ஒன்று அமெரிக்காவின் பொஸ்ரன் நகரம். 1995 ஜனவரி 25 விடியப்புறம், துப்பாக்கிச் சூட்டுச் சந்தேகநபர்களைப் பொலிஸ் துரத்துகிறது. மைக்கல் கொக்ஸ் என்ற கறுப்பினப் பொலிஸ்காரர், சீருடை இல்லாமல், ஒருவனைத் துரத்தி வேலிவரை போகிறார். பின்னால் வந்த பொலிஸ்காரர் அவரையே சந்தேகநபர் என்று நினைத்து மிதித்து அடித்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அதே இடத்தைக் கடந்து ஓடி, அதே வேலியைப் பாய்ந்து, அந்தச் சந்தேகநபரைப் பிடித்தவர் கென்னி கொன்லி என்ற பொலிஸ்காரர். அடித்ததைப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்து சொன்னார். பார்க்காமல் இருக்க ஏலாது என்று நம்பிய ஜூரிகள் 1998இல் அவரைப் பொய்ச்சாட்சிக் குற்றவாளி ஆக்கினார்கள். 34 மாதச் சிறைத் தீர்ப்பு. 2005 அளவில் அது விழுந்தது, ஆனால் கவன அறிவியலால் இல்லை. ஒரு சாட்சியைப் பற்றிய குறிப்பை அரச தரப்பு மறைத்திருந்தது.

2011இல் கொரில்லா ஆய்வுக்காரர் அதே சூழ்நிலையை ஓடிப் பார்த்தார்கள். முன்னால் ஓடுகிறவர் எத்தனை தரம் தலையைத் தொடுகிறார் என்று எண்ணிக்கொண்டே பின்னால் ஓட வேண்டும். பாதைக்குப் பக்கத்தில் மூன்று பேர் அடிபடுவதுபோல் நடித்தார்கள். இரவில் அதைக் கண்டவர்கள் 35 வீதம். பட்டப் பகலில் 56 வீதம்.

எங்கட வாசிப்பு வட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தோழி உடனே மறித்தாள். "நாங்கள் ஒண்டும் காணேல்ல எண்டு சொன்ன சீருடைக்காரரை நாங்கள் கண்டதில்லையோ? அவையளுக்கு இது நல்ல சாட்டு." அவளுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்த 35 வீதம் சொல்வது, கொன்லி உண்மை சொல்லியிருக்க முடியும் என்பதை மட்டும்தான். சொன்னார் என்பதை இல்லை. அதே இரவில் மூன்றில் ஒரு பங்கினர் கண்டும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தை அவளுக்குச் சொன்னேன். கொன்லியின் கண் வேறொருவனின் முதுகில் இருந்தது. கொக்ஸை மிதித்தவர்களின் கண் கொக்ஸில்தான் இருந்தது. காணவில்லை என்பது அவர்களுக்குப் பொருந்தாது.

கொன்லி பிறகு வேலைக்குத் திரும்பினார். மைக்கல் கொக்ஸ் 2022இல் பொஸ்ரன் பொலிஸ் ஆணையாளர் ஆனார். அன்று அவரை அடித்ததற்காகக் குற்றவியல் வழக்கில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.