கப்டனை எழுப்பாத இரவு



1964 பெப்ரவரி 10 இரவு, 'வொயேஜர்' என்ற போர்க்கப்பல் அவுஸ்திரேலிய விமானந்தாங்கிக் கப்பலான 'மெல்பேர்ணின்' குறுக்கே வந்து மோதுண்டது. 82 பேர் இறந்தார்கள்.

ஐந்து ஆண்டுகளின் பின், தென்சீனக் கடலில் சீட்டோ நாடுகளின் கூட்டுப் பயிற்சி. மெல்பேர்ணின் கப்டன் ஸ்டீவன்சன், துணைக்கு வந்த கப்பல்களின் கப்டன்களை விருந்துக்கு அழைத்து, வொயேஜர் கதையைச் சொல்லி எச்சரித்தார்.

1969 ஜூன் 3 அதிகாலை. 'பிராங்க் ஈ. எவன்ஸ்' என்ற அமெரிக்கக் கப்பலை மெல்பேர்ணின் பின்னால் வரச் சொன்னார்கள். எவன்ஸின் கப்டன் உறக்கத்தில். கப்பல்களின் அணி மாறினால் தன்னை எழுப்பச் சொல்லியிருந்தார். பொறுப்பில் நின்ற இளம் அதிகாரிகள் இருவரும் எழுப்பவில்லை. எவன்ஸ் வலப்பக்கம் திரும்பி மெல்பேர்ணின் குறுக்கே போய், இரண்டாகப் பிளந்தது. முன்பாதி சில நிமிடங்களில் மூழ்கியது. 74 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் உடன்பிறந்த சகோதரர்கள்.

நான் வேலை செய்யும் கணினித் துறையிலும் இரவுப்பணி உண்டு. மேலதிகாரியின் தூக்கத்தைக் கெடுக்கத் தயங்கும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சேவர்தான் விழும். கடலில் விழுந்தது 74 உயிர்.

பழைய விபத்தின் கதை கப்டன்களின் விருந்து மேசைக்கு மட்டும் போதாது. இரவில் விழித்திருப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நாளை அங்கே நிற்கப்போவது நீங்கள். சந்தேகம் வந்தால், தயங்காமல் எழுப்புங்கள்.