சக்கையிலிருந்து மாத்திரைக்கு: பழக்கழிவில் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளைத் தேடிய வரலாறு

பழத்தோலிலும் கொட்டையிலும் பிழிந்த சக்கையிலும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் மண்டிக் கிடக்கின்றன என்பது இன்று பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்ட செய்தி. ஆனால் இவற்றை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் யாரும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதற்காக அவற்றைத் தேடவில்லை. ஒரே பொருளுக்குக் காலந்தோறும் வெவ்வேறு பயன் எப்படி ஏற்றிச் சொல்லப்பட்டது என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்ற கருத்துக்கும் பழத்துக்கும் தொடக்கத்தில் எந்த உறவும் இல்லை. முதல் உலகப் போரில் நச்சுவாயுவாகப் பயன்பட்ட அக்ரோலின் சேமிப்பிலேயே கெட்டுப்போனது. பிரெஞ்சு வேதியியலாளர்கள் சார்லஸ் மூரூவும் சார்லஸ் துஃப்ரேசும் அதில் மிகச் சிறிதளவு ஹைட்ரோகுவினோனைக் கலந்து, அந்தக் கேட்டை நிறுத்த முடியும் என்று கண்டார்கள். ரப்பரையும் கொழுப்பையும் இப்படிக் காக்கும் முயற்சி பிறகுதான் வந்தது. 1931இல் அயோவாவில் ஓல்காட், மேட்டில் இருவரும் லெட்டூஸ் கீரையின் எண்ணெயிலிருந்து கொழுப்பு காறிப்போகாமல் காக்கும் பகுதியைப் பிரித்தார்கள். காய்கறி இந்த வரலாற்றுக்குள் நுழைந்தது அப்படித்தான், எண்ணெய்க்குக் காவலாக.

தோல்களின் கதை தனியே ஓடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சுத் தோலின் உட்புற வெண்பகுதியிலிருந்து ஹெஸ்பெரிடின் என்ற பொருளை லெப்ரத்தோன் 1828இலேயே எடுத்துவிட்டார். நூறாண்டுக்கு மேல் அதற்கு வேலையே இல்லை. 1936இல் ஹங்கேரியில் ஆல்பர்ட் செண்ட்-ஜியோர்ஜியும் ருஸ்னியாக்கும், தூய வைட்டமின் சி கொடுத்தும் நிற்காத தோலடி இரத்தக்கசிவு, எலுமிச்சைச் சாற்றாலும் மிளகாய்ச் சாற்றாலும் நின்றதைப் பார்த்தார்கள். எலுமிச்சையிலிருந்து பிரித்த பொருளுக்கு ‘சிட்ரின்’ என்றும் ‘வைட்டமின் பி’ (ஆங்கில அகரவரிசையின் பதினாறாம் எழுத்து) என்றும் பெயர் வைத்தார்கள். ஹெஸ்பெரிடின் அதன் ஒரு கூறு. சிட்ரின் வைட்டமினுக்குரிய இலக்கணத்துக்குள் அடங்கவில்லை என்று பின்னாளில் தெரிந்தது. 1950இல் அந்தப் பெயரைக் கைவிடும்படி அமெரிக்க அறிவியல் குழுவினர் பரிந்துரைத்தனர்.

இந்த வரலாற்றில் கழிவு கழிவாகவே ஆய்வுக்கு வந்த இடம் பிரான்சின் போர்தோ. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அங்கே எழுந்த கேள்வி மிகச் சாதாரணமானது: வேர்க்கடலையை ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கில் சிவப்புத் தோலும் கலந்திருக்கிறதே, மாட்டுக்கு அது ஆகுமா? இதை ஆராயும்படி பணிக்கப்பட்ட ஜாக் மாஸ்கெலியே, தோலில் நஞ்சு எதுவும் இல்லை என்று கண்டதோடு, நிறமற்ற ஒரு பொருளையும் பிரித்தார். நுண்குழாய்களின் சுவரை அது வலுப்படுத்துவதாகத் தோன்றியது. 1948இல் முனைவர் பட்ட ஆய்வேடாக வந்த இந்த வேலை, 1950இல் கடலைத் தோலிலிருந்து எடுத்த மருந்தாகவே பிரெஞ்சுச் சந்தைக்கு வந்தது. போர்தோ திராட்சை மதுவின் ஊர். திராட்சையின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சக்கையாக ஒதுங்கும். அதே வகைப் பொருள் அதன் விதைகளில் செறிந்திருந்தது. மூலப்பொருள் கடலைத் தோலிலிருந்து பைன் மரப்பட்டைக்கும் திராட்சை விதைக்கும் மாறியதில் வேதியியல் பாதி, கழிவு எங்கே மலிவாகக் குவிந்தது என்ற கணக்கு பாதி.

இதற்கிடையே 1956இல் டென்ஹாம் ஹார்மன், முதுமைக்குக் காரணம் தனி உறுப்புகள் எனப்படும் ஃப்ரீ ரேடிக்கல்கள் என்ற கொள்கையை வெளியிட்டார். அது சூடுபிடிக்கச் சில பத்தாண்டுகள் ஆயின. மாஸ்கெலியே 1987இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் தலைப்பிலேயே தனி உறுப்புகளை நீக்கும் ஆற்றல் இடம்பெற்றுவிட்டது. 1950இல் இரத்தக்குழாய் மருந்தாக இருந்தது ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து ஆக்சிஜனேற்றத் தடுப்பியாக மறுபிறப்பு எடுத்தது. இடையில் மூலப்பொருள் மாறினாலும் மூலக்கூறின் வகை மாறவில்லை.

பிறகு வந்த ஆய்வுப் பெருக்கத்துக்கு ஒரு காரணம், சோதனை எளிதாக இருந்ததே. 1958இல் பிளாய்ஸ் அறிமுகப்படுத்திய டிபிபிஹெச் முறையில் கருஊதா நிறக் கரைசலில் தோல்சாற்றைச் சில துளி விட்டால், அரைமணிக்குள் அது வெளிறி மஞ்சளாகிறது. எவ்வளவு வெளிறியது என்பதை நிறமானியில் படித்தால் முடிவு கையில். மாதுளை, வாழை, உருளை, வெங்காயம் என எந்தத் தோலைப் போட்டாலும் ஒரு கட்டுரை தேறும். ஆனால் டிபிபிஹெச் ஆய்வகச் செயற்கைப் பொருள். மனித உடலில் அது கிடையாது. அளவு உண்மை, அதிலிருந்து உடல்நலத்துக்குத் தாவியதுதான் பிழை.

அந்தத் தாவலுக்குக் கிடைத்த அடி கடுமையானது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. 2012இல் அமெரிக்க வேளாண்துறை, உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைப் பட்டியலிட்ட தன் தரவுத்தளத்தையே திரும்பப் பெற்றது. சோதனைக்குழாய் மதிப்பை உடலுக்குப் பொருத்த முடியாது என்பதோடு, அந்த எண்களை விளம்பரக்காரர்கள் தவறாகக் கையாண்டதையும் அது காரணமாகச் சொன்னது.

நம் பக்கத்தில் இந்த ஆய்வு மாம்பழத்தோடு வளர்ந்தது. கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் பெங்களூரா ரகத்தைக் கூழாக்கும் ஆலைகள் பருவத்தில் தோலையும் கொட்டையையும் மலையாகக் குவிக்கின்றன. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 2000க்குப் பின் மாந்தோலின் பாலிபீனால்களை விரிவாக அளந்தது. ஆலைத் தரையில் சிக்கல் வேறு. உரித்த தோலில் பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதி உடனே வேலையைத் தொடங்கிவிடும். தோல் பழுப்பாவது கண்ணுக்குத் தெரியும். நாம் எடுக்க நினைத்த பொருளையே அந்த நொதி தின்கிறது என்பது தெரியாது. ஈரத்தோடு விட்டால் விரைவில் புளித்து நாறும். உலர்த்த எரிபொருள் வேண்டும், கரைத்தெடுக்க எத்தனால் வேண்டும், பூச்சிமருந்து எச்சம் தோலில்தான் மிகுதி என்பதால் அதையும் நீக்கியாக வேண்டும். இந்தச் செலவுக் கணக்கைத் தொடாத கட்டுரைகளே மிகுதி.

தோல்சாறு மனிதனின் ஆயுளைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எண்ணெயில் சிக்கு வாடை ஏறாமல் தாவரப் பீனால்கள் காக்கும் என்பதற்குச் சான்று நிறைய உண்டு. ரோஸ்மேரிச் சாற்றை அந்த வேலைக்கே ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அனுமதித்தது. ஆகவே மாந்தோலைக் கையில் எடுக்கும் ஆய்வு மாணவர்கள் ஊதாக் கரைசலோடு நின்றுவிட வேண்டாம். கடலையெண்ணெயில் அந்தச் சாற்றைக் கலந்து ஆறு மாதம் வைத்து, எண்ணெய் கெடும் அளவைக் காட்டும் பெர்ஆக்சைடு எண்ணை மாதாமாதம் அளந்து, ஒரு கிலோ சாற்றுக்கு ஆன செலவையும் பக்கத்தில் எழுதுங்கள்.