பின்னத்தின் கீழே இருப்பவர்கள்

'வெற்றி விகிதம்' என்று யாராவது ஒரு எண்ணைக் காட்டினால், எதை எதால் வகுத்தார்கள் என்று முதலில் கேட்பது என் வழக்கம். மென்பொருள் வேலை தந்த பழக்கம் அது. இதே கேள்வியோடு ஒரு மருத்துவத் துறையே ரொம்ப நாள் மல்லுக்கட்டியிருக்கிறது. கருப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சையின் வரலாறு அப்படிப்பட்டது.

1878 ஜனவரி 30. அன்றைய ஜெர்மனியின் ப்ரெஸ்லாவ் நகரம் (இன்று போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப்). வில்ஹெல்ம் ஃபிராய்ண்ட் என்ற மருத்துவர் வயிற்றைத் திறந்து, புற்று பிடித்த கருப்பையை முழுசாக எடுத்தார். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருந்தது கார்பாலிக் அமிலம். 1867-ல் ஜோசப் லிஸ்டர் அதைக் கொண்டு காயங்களைச் சீழ் பிடிக்காமல் காக்கலாம் என்று எழுதியிருந்தார். அப்படியும், இந்த ஆபரேஷனைச் செய்துகொண்ட ஆரம்ப கால நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

அவர்களைக் கொன்றது எது? இங்கேதான் சிக்கல். கார்பாலிக் அமிலம் கிருமியை மட்டும் கொல்வதில்லை. காயத்தின் வழியாக ரத்தத்தில் கலந்தால் உடம்பு சில்லிடும், நாடி தளரும், நினைவு தப்பும். ரத்தம் நிறையப் போனாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள்தான். ஒரு முக்கியத் தடயம், சிறுநீர் கரும்பச்சையாக மாறுவது. உடம்பு இந்த அமிலத்தை சல்ஃபேட்டோடு பிணைத்து வெளியேற்றுகிறது என்று 1876-ல் ஆய்கன் பௌமான் கண்டுபிடித்தார். அதனால் சோடியம் சல்ஃபேட்டை மாற்று மருந்தாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் இரண்டாம் நாள் இறந்த பெண்ணின் பெயருக்கு எதிரே 'அதிர்ச்சி' என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டால், கத்தியா அமிலமா என்பது கடைசி வரை தெரியாது.

அடுத்த கட்டம் வியன்னா. எர்ன்ஸ்ட் வெர்ட்ஹைம் 1898 நவம்பரில், கருப்பை வாய்ப் புற்றுக்கு சுற்றியுள்ள திசுக்களையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க ஆரம்பித்தார். முதல் நூறு பேரில் சுமார் முப்பது பேர் இறந்தார்கள். அவர் அதை மறைக்கவில்லை. 1911-ல் 500 நோயாளிகளின் கணக்கை, சாவுகளோடு சேர்த்துப் புத்தகமாகவே போட்டார். அதற்குள் இறப்பு நூற்றுக்குப் பத்து அளவுக்கு இறங்கியிருந்தது. அவருடைய பழைய தலைவரான ஷௌட்டா, வயிற்றைத் திறக்காமல் பிறப்புறுப்பு வழியாகவே செய்யும் முறைக்காக வாதாடினார். 1908-ல் அவர் வெளியிட்ட கணக்கு: 258 பேர், இறப்பு 10.8 சதவீதம்.

சரி, எந்த முறை சிறந்தது? இங்கே ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். நூறு பெண்கள் வருகிறார்கள். ஐம்பது பேருக்கு நோய் முற்றிவிட்டதால் ஆபரேஷன் இல்லை. மீதி ஐம்பதில் பத்து பேர் ஆபரேஷனில் இறக்கிறார்கள். ஐந்து வருஷம் கழித்து நோயில்லாமல் இருப்பவர்கள் இருபது பேர். ஆபரேஷனில் பிழைத்தவர்களை மட்டும் எடுத்தால் வெற்றி 50 சதவீதம். ஆபரேஷன் ஆன எல்லோரையும் எடுத்தால் 40. வாசலுக்கு வந்த எல்லோரையும் எடுத்தால் வெறும் 20. மூன்றும் பொய்யில்லை. ஆனால் லேசான நோயாளிகளாகப் பார்த்துப் பொறுக்குகிற மருத்துவருக்கு முதல் எண் பிரமாதமாக வரும்.

அதனால் வந்தவர்கள் அத்தனை பேரையும் பின்னத்தின் கீழே போடச் சொன்னவர்களில் ஒருவர் ஜெர்மானிய மருத்துவர் கேயோர்க் வின்டர். அப்படிப் போட்டதும் வேறு ஒரு விஷயம் துலங்கியது. திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள்தான் பெரிய இழப்பு; அவர்களை எந்தக் கத்தியாலும் காப்பாற்ற முடியாது, சீக்கிரம் வர வைத்தால்தான் உண்டு. 1902-03 வாக்கில் கிழக்கு பிரஷ்யாவில் வின்டர் டாக்டர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பிரசுரம் அனுப்பினார். ரத்தப்போக்கை அலட்சியம் செய்யாதீர்கள் என்று பெண்களுக்குச் செய்தித்தாள் வழியாகச் சொன்னார். புற்றுநோய் விழிப்புணர்வுப் பிரசாரங்களின் முன்னோடி அது.

வகுக்கும் எண்ணை மாத்தினதும் கேள்வியே மாறிப்போச்சு. எப்படி வெட்டுவது என்பதோடு, அந்தப் பெண் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாள் என்றும் கேட்க ஆரம்பித்தார்கள்.