கங்காருவின் வாலும் கிண்டி ஆய்வுக்கூடமும்

ஆட்டுக்கால் சூப்பை இராத்திரி சட்டியிலேயே விட்டுவைத்து, காலையில் அது தளதளவென்று உறைந்து நிற்பதைக் கண்டு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தச்சர்கள் காய்ச்சி ஒட்டிய வச்சிரம் தோலிலும் எலும்பிலுமிருந்து வருவதென்பதும் பழைய சங்கதிதான். இவ்விரண்டுக்கும் மூலமாகிய வஸ்து, உயிருள்ள சரீரத்தில் தசையை எலும்போடு கட்டும் நாணாகவும், எலும்பை எலும்போடு பிணைக்கும் நாராகவும், எலும்புக்குள் சுண்ணாம்புச் சத்து படிவதற்கு ஆதாரமான நெசவாகவும் அமைந்திருக்கிற கொலாஜன் என்னும் புரதம். பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு வந்த பெயர் அது. ஓர் எலும்பைக் காடியில் நெடுநாள் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்து, வளைகிற நார் மிஞ்சும். நெருப்பிலிட்டுச் சுட்டாலோ நார் எரிந்து, விரல் பட்டால் நொறுங்குகிற சுண்ணாம்பு மிஞ்சும்.

இத்தனை பழகிய இந்தப் பொருளின் உள்ளமைப்பு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒரு புதிராகவே இருந்தது. புரத ஆராய்ச்சியில் உலகப் பிரசித்தி பெற்ற லைனஸ் பாலிங் 1951இல் வெளியிட்ட விளக்கம்கூடப் பொருந்தவில்லை. 1952இல் சென்னை சர்வகலாசாலையின் கிண்டி பௌதிகத் துறைக்குத் தலைமையேற்று வந்த ஜி. என். ராமச்சந்திரன், பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜுக்கும் போய்த் திரும்பியவர். முப்பதை ஒட்டிய வயது. அவ்வாண்டு சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீர்மானமாகவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னதே ராமச்சந்திரன் அதில் இறங்கப் போதுமானதாயிற்று.

ஆராய்ச்சிக்கு வேண்டிய சுத்தமான நார் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குத்தான் சென்னை நகரம் தயாராக விடை வைத்திருந்தது. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் தோல் பதனிட்டு, கப்பலேற்றிப் பேர்பெற்றிருந்தது சென்னை மாகாணம். அந்தத் தொழிலுக்காகவே 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பதனிடுதல் என்பது, உண்மையில், கொலாஜன் நார்கள் அழுகிவிடாதபடி அவற்றை இறுக்கிப் பிணைப்பதே. ஆகவே தோல் சாஸ்திரிகளுக்கு அது அந்நியமான பொருளன்று. அங்கிருந்து வந்த கங்காரு வால் நாணின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சிக் கிடைத்த மங்கலான புள்ளிகளை வைத்துக்கொண்டு, ராமச்சந்திரனும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் கோபிநாத் கர்த்தாவும் கணக்கிட்டார்கள்.

அமினோ அமிலங்களைக் கண்ணிகளாகக் கோத்த கொலாஜன் சங்கிலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு கண்ணி, அவற்றில் மிகச் சிறியதான கிளைசின் என்பதைப் பற்றுக்கோடாகக் கொண்டு, மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதாகவும், நெருக்கமான நடுவிடத்தில் கிளைசினுக்கு மாத்திரமே இடம் உண்டு என்பதாகவும் 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். ஆயினும் ஒரு சிரமம் தீரவில்லை. சங்கிலி திருகும் அளவு சரியாக மூன்று கண்ணிக்கு ஒரு சுற்று அன்று, சற்றே மிகுதி. அப்படியானால் கிளைசின் எப்போதும் உள்முகமாக நிற்பது எங்ஙனம்? சந்திரன் பூமியைச் சுற்றும்போதே தன்னையும் சுற்றிக்கொள்வதால் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுகிறதல்லவா, அதுபோல ஒவ்வொரு சங்கிலியும் தானும் திருகி, மற்ற இரண்டோடும் சேர்ந்து பொது அச்சைச் சுற்றியும் திருகுகிறது என்று 1955இல் விடை கண்டார்கள். முறுக்கிய புரிகளை மறுபடி முறுக்கிக் கயிறு திரிப்பவனுக்கு இந்த வித்தை கைவந்ததுதான்.

அவ்வாண்டே கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் முப்புரியை ஏற்றுக்கொண்டு, அதன் விவரங்களில் பிழை கண்டார்கள்: ராமச்சந்திரனின் மாதிரியில் சில அணுக்கள் இருக்கத்தக்க தூரத்தைவிட நெருங்கியிருக்கின்றன என்றும், மூன்று கண்ணிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு இராது, ஒன்றே இருக்குமென்றும். பிற்காலம் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்தச் சர்ச்சையை ராமச்சந்திரன் மானப் பிரச்சினையாக்காமல் ஆராய்ச்சிப் பிரச்சினையாக்கினார் என்பது என் அபிப்பிராயம். இராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் சேர்ந்து, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு, 1963இல் ஒரு படமாக வெளியிட்டார்.

எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தவரும் இன்று அதை 'ராமச்சந்திரன் படத்தில்' இட்டுச் சரிபார்க்கிறார். அடையாறு தோல் நிலையத்திலோ, ஒரு மண்டபத்துக்கு முப்புரிச் சுருளின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.