பற்சொத்தை

பற்சொத்தை என்பது வாயிலுள்ள பாக்டீரியாக்கள் உணவுச் சர்க்கரையை நொதிக்கச் செய்து உண்டாக்கும் அமிலத்தால், பல்லின் கடினத் திசுக்கள் கனிமம் இழந்து குழிவிழும் நோய். பாதிக்கும் இடத்தைப் பொறுத்து எனாமல் (பல்லின் வெளிப்படலம்), டென்டின் (அதன் உள்திசு), வேர்ச் சொத்தை எனப் பிரிக்கப்படும்.

பற்படலத்தில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா இந்நோயில் முதன்மையானது. 1924இல் கிளார்க் என்ற ஆய்வாளர் இதை விவரித்தார். இது சுக்ரோசிலிருந்து பிசுபிசுப்பான குளுக்கானை ஆக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. படலத்தின் பிஎச் ஏறத்தாழ 5.5க்குக் கீழிறங்கினால் எனாமலின் கனிமமான ஹைட்ராக்சிஅப்படைட் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைச் சமன்செய்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் மீட்டளிக்கும்; அதற்கு இடைவெளி தேவை. அதனால் சர்க்கரையின் அளவோடு உண்ணும் தடவைகளும் கணக்கில் வரும். சுவீடனின் விபெஹோல்ம் காப்பகத்தில் 1940களில் தொடங்கிய ஆய்வில், உணவு வேளைகளுக்கு இடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்கே சொத்தை மிகுந்தது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உடையோர் மீது நடத்தப்பட்டதால் அவ்வாய்வு அறநெறி நோக்கில் கண்டிக்கத்தக்கது.

ஃபுளோரைடு, கனிம இழப்பைக் குறைத்து மீள்படிவை விரைவுபடுத்துகிறது. அவ்வாறு உருவாகும் ஃபுளோர்அப்படைட் அமிலத்தை அதிகம் தாங்கும். 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்க்கத் தொடங்கியது. பல் உருவாகும் வயதில் அளவு மிஞ்சினால் எனாமலில் கறைபடியும் பல் ஃபுளோரோசிஸ் ஏற்படும். நிலத்தடி நீரில் இயல்பாகவே ஃபுளோரைடு மிகுந்த தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது காணப்படுகிறது.